இஎல்84 ஸ்டீரியோவுக்கு வோல்டேஜ் டபுளர் சப்ளை: வரைந்ததைப் பார்த்துக் குறை சொல்லுங்கள்

ஒலிக்குழல் (தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு இஎல்84 பவர் வால்வு, ஒரு 12ஏஎக்ஸ்7 சிறு சிக்னல் வால்வு வைத்த சிங்கிள் எண்டட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்குப் பவர் சப்ளை வரைந்திருக்கிறேன். 250-0-250 டிரான்ஸ்பார்மர் தனியாகச் சுற்றி வாங்கினால் விலை ஏறுகிறது. அதனால் 110 வோல்ட் ஏசியை டபுளர் (ஏசி உச்சத்தைப் போல இரண்டு மடங்கு டிசி தரும் சர்க்யூட்) போட்டு உயர்த்துவதாக முடிவு.

தேவை இது: இஎல்84 ஒவ்வொன்றுக்கும் பிளேட்டில் 48 மில்லிஆம்பியர், ஸ்கிரீனில் (இரண்டாவது கிரிட்) 5.5. இரண்டுக்கும் 107. 12ஏஎக்ஸ்7-க்கு 3. ஆக 110 மில்லிஆம்பியர். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிரைமரியில் விழுவதையும் கேத்தோடு வோல்டேஜையும் சேர்த்தால் பி பிளஸ் (வால்வுகளுக்கான உயர் டிசி) 270 வோல்ட் வேண்டும்.

வரைந்தது இது: கடையில் கிடைக்கும் 230-க்கு 110 ஸ்டெப் டவுன் பெட்டி, 100 விஏ. இரண்டு 1என்4007 டையோடு. இரண்டு 220 மைக்ரோஃபாரட் 200 வோல்ட் கெப்பாசிட்டர், தொடராக. பிறகு 100 ஓம் 5 வாட், அதன் பின்னால் 100 மைக்ரோஃபாரட் 400 வோல்ட். பி பிளஸ் கம்பியில் 250 மில்லிஆம்பியர் கண்ணாடி பியூஸ். ஹீட்டருக்குத் தனி 6.3 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். ஸ்கிரீன்கள் நேராக பி பிளஸில்.

எங்கே தப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். பாகங்கள் இன்னும் வாங்கவில்லை.

---

முறுக்குக்கம்பி

அந்த ஸ்டெப் டவுன் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

110 வோல்ட் சாதனங்களுக்காக விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்பார்மர். உள்ளே இருப்பது ஒரே வைண்டிங். அதன் நடுவில் ஒரு டேப் எடுத்து 110 என்று எழுதியிருப்பார்கள். லைனுக்கும் உங்கள் சர்க்யூட்டுக்கும் நடுவில் பிரிப்பு எதுவும் கிடையாது. மிக்சிக்கோ ஷேவருக்கோ அது பரவாயில்லை, அவற்றின் உடம்பே இன்சுலேஷன். கையால் தொடும் வால்யூம் குமிழும் ஆர்சிஏ சாக்கெட்டும் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு அது கூடவே கூடாது.

டபுளரில் இதன் விளைவு இன்னும் மோசம். வைண்டிங்கின் ஒரு முனை இரண்டு கெப்பாசிட்டரும் சேரும் நடுப்புள்ளிக்குப் போகிறது. ஆட்டோ டிரான்ஸ்பார்மர் என்றால் அந்த முனைதான் நியூட்ரல். அப்படியானால் உங்கள் மைனஸ் கம்பி, அதாவது சேசிஸ் (உலோகப் பெட்டி), நியூட்ரலுக்குக் கீழே 155 வோல்ட் டிசியில் நிற்கும். அதை எர்த் செய்தீர்கள் என்றால் கீழ் டையோடு வழியாக ஒவ்வொரு சைக்கிளிலும் அரை அலை நேராக எர்த்துக்கு ஷார்ட். பியூஸ் போகும் அல்லது ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசியும் கரண்ட்டைக் கண்டு லைனை வெட்டும் சுவிட்ச்) விழும். "எர்த் கொடுத்தால்தான் ட்ரிப் ஆகிறது" என்று எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால், சேசிஸே கொலைக்கருவி. சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சேசிஸில் 230 வோல்ட் ஏசியும் சேர்ந்து ஆடும்.

கண்டுபிடிப்பது எளிது. பெட்டியை லைனில் இருந்து முழுதாகக் கழற்றி, உள்ளே போகும் பிளக் முனைக்கும் வெளியே வரும் 110 சாக்கெட் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள். நான்கு சேர்க்கையிலும் திறந்த சர்க்யூட் காட்ட வேண்டும். சில ஓம் காட்டினால் அது ஆட்டோ. லேபிளில் "ஐசொலேஷன்" என்று அச்சடித்திருந்தாலும் மீட்டர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இதற்கு மாற்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்ளிஃபயருக்காகச் சுற்றும் 55-0-55 டிரான்ஸ்பார்மர் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தயாராகவே கிடைக்கும். இரண்டு ஓரங்களுக்கும் இடையே 110 வோல்ட். நடு டேப்பை எதிலும் இணைக்காமல், தனியாக ஸ்லீவ் போட்டு, மடக்கிக் கட்டிவிடுங்கள். அதை எர்த் செய்தால் டபுளர் எரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வைண்டிங்கைச் சுற்றியவர் அது தரையிலிருந்து 80 வோல்ட்டுக்கு மேல் போகாது என்ற நினைப்பில் சுற்றியிருப்பார். இங்கே அதன் ஒரு ஓரம் 300 வோல்ட்டைத் தாண்டும். ஆகவே செகண்டரிக்கும் கோருக்கும், செகண்டரிக்கும் பிரைமரிக்கும் 1000 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே டிரான்ஸ்பார்மரில் 12-0-12 போன்ற சின்ன வைண்டிங் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். நடுவில் எத்தனை சுற்று பேப்பர் வைத்தார்கள் என்பது வெளியே தெரியாது.

---

நூறு_ஹெர்ட்ஸ்

கணக்கைப் பார்ப்போம்.

டபுளரில் செகண்டரி கரண்ட் டிசி கரண்ட்டைப் போல மூன்றரை மடங்கு. 110 மில்லிஆம்பியர் எடுத்தால் வைண்டிங்கில் சுமார் 0.4 ஆம்பியர் ஆர்எம்எஸ் ஓடும். "110 மில்லிதானே" என்று 0.15 ஆம்பியர் வைண்டிங் போடுகிறவர்கள் பலர்; அரை மணியில் வார்னிஷ் வாசம் வரும். 110 வோல்ட் 0.5 ஆம்பியர் எடுங்கள், 55 விஏ. 55-0-55-ல் 1 ஆம்பியர் கிடைத்தால் இன்னும் குளிர்ச்சி.

110-ஐ 1.414-ஆல் பெருக்கி இரட்டித்தால் 311 வோல்ட். ஆனால் இந்த எண் நிஜத்தில் எப்போதும் வராது. வால்வுகள் சூடாகி முழு கரண்ட் இழுக்கும்போது சுமார் 280 நிற்கும். வால்வு சூடாகும் முன்பு நிலைமை வேறு: லோடு இல்லாத 110 வைண்டிங் 118 வரை காட்டும், லைன் 253 வோல்ட் இருந்தால் அது 130. உச்சம் 184. இரட்டித்தால் 367 வோல்ட். சிலிக்கான் டையோடு என்பதால் சுவிட்ச் போட்ட அடுத்த நொடியே இந்த 367 வந்துவிடும், ஹீட்டர் சிவக்கும் வரை அப்படியே நிற்கும்.

ஆக உங்கள் 200 வோல்ட் கெப்பாசிட்டருக்கு மிச்சம் 16 வோல்ட். பழைய கம்ப்யூட்டர் சப்ளையில் பிடுங்கிய 200 வோல்ட் ஜோடிகளைப் பலரும் இதற்குப் போடுகிறார்கள், வேண்டாம். 250 வோல்ட் போடுங்கள். 400 வோல்ட் பில்டர் கெப்பாசிட்டரை 450 ஆக்குங்கள். இரண்டு டபுளர் கெப்பாசிட்டரும் ஒரே கம்பெனி, ஒரே மதிப்பு, ஒரே பாக்கெட்டாக இருக்கட்டும்.

டையோடுக்குத் தலைகீழாக வருவதும் அதே 367. 1என்4007 ஆயிரம் வோல்ட் தாங்கும். அதில் குறையில்லை.

ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏசி ஆட்டம்): ஒவ்வொரு கெப்பாசிட்டரும் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் நிரம்புகிறது. 0.11 ஆம்பியரை 0.02-ஆல் பெருக்கி 220 மைக்ரோவால் வகுத்தால் 10 வோல்ட். இரண்டும் மாறி மாறி நிரம்புவதால் மொத்த அவுட்புட்டில் அதே 10 வோல்ட் உச்சத்துக்கு உச்சம், ஆனால் 100 ஹெர்ட்ஸில். 100 ஓம், 100 மைக்ரோ அதை ஆறில் ஒன்றாக்கும்: 1.6 வோல்ட். ஸ்கிரீனை நேராக இதில் மாட்டினால் ஹம் கேட்கும்.

காரணம் ஸ்கிரீன்தான். இஎல்84 ஒரு பெண்டோடு; அதன் பிளேட் ரெசிஸ்டன்ஸ் 38 கிலோஓம், லோடு 5.2 கிலோஓம். பிளேட் பக்கம் வரும் ரிப்பிளில் எட்டில் ஒரு பங்குதான் டிரான்ஸ்பார்மரில் விழும். ஸ்கிரீன் அப்படியில்லை, அது இன்னொரு கிரிட். இஎல்84-ல் முதல் கிரிட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் உள்ள பெருக்க விகிதம் 19. ஸ்கிரீனில் 1 வோல்ட் ஆடினால் முதல் கிரிட்டில் 53 மில்லிவோல்ட் ஹம்மை நீங்களே ஊட்டியது போல. ஸ்கிரீனுக்குத் தனியாக 1 கிலோஓம் 2 வாட், 47 மைக்ரோ 450 வோல்ட் போடுங்கள். 12ஏஎக்ஸ்7-இன் கரண்ட்டும் சேர்ந்து 14 வோல்ட் குறையும், ரிப்பிள் முப்பதில் ஒன்றாகும். அங்கிருந்து 10 கிலோஓம், 22 மைக்ரோ 450 வோல்ட் போட்டு 12ஏஎக்ஸ்7-க்கு எடுங்கள்.

---

தரைக்கம்பி

பாதுகாப்பு வரிசையில் மூன்று விஷயம்.

பியூஸ் தப்பான இடத்தில் இருக்கிறது. சாதாரண 250 வோல்ட் கண்ணாடி பியூஸ் ஏசிக்கு மதிப்பிட்டது. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, அப்போது ஆர்க் அணைந்துவிடும். 300 வோல்ட் டிசி பூஜ்யத்தைத் தொடாது. கம்பி உருகிய பின்னும் கண்ணாடிக்குள் ஆர்க் ஓடிக்கொண்டே இருக்கலாம். அதோடு டையோடு ஷார்ட் ஆனாலோ டபுளர் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனாலோ அந்த டிசி பியூஸுக்கு ஒன்றும் தெரியாது, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. செகண்டரி ஏசி கம்பியில் 630 மில்லிஆம்பியர் ஸ்லோ ப்ளோ போடுங்கள். பிரைமரியில் பேஸ் கம்பியில் 800 மில்லி ஸ்லோ ப்ளோ. சுவிட்ச் பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் இரட்டை வகையாக இருக்கட்டும். சுவர் சாக்கெட்டில் பேஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வயரிங் செய்தவர் கையில் இருந்த விஷயம்.

பிளீடர் இல்லவே இல்லை. ஒவ்வொரு டபுளர் கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 47 கிலோஓம் 2 வாட். வோல்டேஜைச் சமமாகப் பங்கிடுவதும் இதுதான், அணைத்த பிறகு காலி செய்வதும் இதுதான். மோசமான நிலையில் முக்கால் வாட் சூடாகும், அதனால் கெப்பாசிட்டர் உடம்பில் ஒட்டாமல் தூக்கி வையுங்கள். டைம் கான்ஸ்டன்ட் 10 செகண்ட், அரை நிமிடத்தில் காலி.

மூன்றாவதுதான் டபுளரைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் கையைச் சுடும் இடம். சாதாரண சப்ளையில் வைண்டிங்கின் நடுவோ ஓரமோ தரையில் இருக்கும். இங்கே எந்த முனையும் தரையில் இல்லை. ஒரு முனை எப்போதும் 140 முதல் 180 வோல்ட் டிசியில் நிற்கிறது, மறுமுனை பூஜ்யத்துக்கும் முழு பி பிளஸுக்கும் இடையே ஆடுகிறது. மேல் கெப்பாசிட்டரின் மைனஸும் அதே நடுப்புள்ளிதான். "மைனஸ்தானே" என்று அதைச் சேசிஸில் படவிடக் கூடாது. பழைய திருகு வகை அலுமினியக் கேன்களில் கேனே மைனஸ். மேல் கெப்பாசிட்டருக்கு அதைப் போட்டால் கேன் முழுதும் 150 வோல்ட். புதிய ஸ்னாப் இன் வகையில் வெளியே இருக்கும் பிளாஸ்டிக் உறை எழுத்து அச்சிடத்தான், அது இன்சுலேஷன் இல்லை. உலோகக் கிளாம்ப் போட வேண்டாம், பக்கத்துப் பாகத்தில் இருந்து 6 மில்லிமீட்டர் விடுங்கள்.

ஆர்சிசிபி இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் பி பிளஸைத் தொட்டால் அந்தக் கரண்ட் வீட்டு லைனுக்குத் திரும்புவதில்லை. ஆர்சிசிபி அசையாது.

---

ஒலிக்குழல்

ஸ்டெப் டவுன் பெட்டியை விட்டுவிட்டேன். 55-0-55, 1 ஆம்பியர், மெக்கர் பார்த்து எடுக்கிறேன்.

இரண்டு கேள்வி. ஒன்று: அரை அலை டபுளர் போட்டால் வைண்டிங்கின் ஒரு முனை தரையிலேயே இருக்குமே, அது பாதுகாப்பு இல்லையா? இரண்டு: ரிப்பிளைக் குறைக்க 220-க்குப் பதில் 1000 மைக்ரோ போட்டால் என்ன?

---

நூறு_ஹெர்ட்ஸ்

முதல் கேள்வி நியாயமானது. அரை அலை வகையில் முதல் கெப்பாசிட்டர் தொடராக உட்கார்ந்து கரண்ட் முழுவதையும் சுமக்கிறது. இரண்டாவது கெப்பாசிட்டர் முழு 367 வோல்ட்டையும் தாங்க வேண்டும், எனவே 450 வோல்ட். ரிப்பிள் 50 ஹெர்ட்ஸ், அதாவது பில்டருக்கு இரண்டு மடங்கு வேலை. லோடில் வோல்டேஜ் இன்னும் சரியும். அதே கொள்கையை அடுக்கடுக்காக ஏற்றித்தான் காக்ராஃப்டும் வால்டனும் 1932-ல் லித்தியம் அணுவைப் பிளந்தார்கள். அங்கே தேவை மைக்ரோ ஆம்பியர். நமக்கு 110 மில்லிஆம்பியர். சில மில்லிஆம்பியர் கிரிட் பயாஸுக்கு அரை அலை போடலாம், பி பிளஸுக்கு முழு அலைதான்.

1000 மைக்ரோ போடாதீர்கள். கெப்பாசிட்டர் பெரிதாகப் பெரிதாக டையோடு திறந்திருக்கும் நேரம் குறுகும். அதே கரண்ட் சின்ன நேரத்தில் போக வேண்டியிருப்பதால் உச்சம் ஏறும். டிரான்ஸ்பார்மர் சூடாகும், கோர் முனகும், அந்தக் கூரான பல்ஸ் பக்கத்துக் கம்பிகளில் "பர்ர்" என்று ஏறும். அது மெல்லிய 100 ஹெர்ட்ஸ் ஹம்மைவிடக் காதுக்குத் தொல்லை. 220 போதும். ரிப்பிள் கரண்ட் கெப்பாசிட்டர் ஒன்றுக்குக் கால் ஆம்பியர் வருகிறது. டேட்டாஷீட்டில் அரை ஆம்பியருக்கு மேல் உள்ளதாக எடுங்கள்.

ரிப்பிளை அடக்க வேண்டிய இடம் அடுத்த படி. அந்த 100 ஓமுக்குப் பதில் சோக் (இரும்புக் கோர் காயில்) வையுங்கள். 5 ஹென்றி 150 மில்லிஆம்பியர் கிடைத்தால் 10 வோல்ட் ரிப்பிள் 50 மில்லிவோல்ட்டாகும். கிடைக்கவில்லையா, பழைய இரும்பு டியூப்லைட் சோக், 40 வாட் வகை. 0.43 ஆம்பியருக்குச் செய்தது, கோரில் இடைவெளி உண்டு, 110 மில்லி டிசியில் மூச்சுத் திணறாது. இண்டக்டன்ஸ் சுமார் 1.2 ஹென்றி. 100 ஹெர்ட்ஸில் 750 ஓம். 100 மைக்ரோவுடன் சேர்ந்து ரிப்பிளை 47-ல் ஒன்றாக்கும், 0.2 வோல்ட். எலக்ட்ரானிக் சோக் இதற்கு ஆகாது, இரும்பு சோக்தான். அதன் உடம்பை எர்த் செய்து, கம்பிக்கும் உடம்புக்கும் மெக்கர் பாருங்கள்.

டியூப்லைட் சோக்கின் டிசி ரெசிஸ்டன்ஸ் சுமார் 40 ஓம், 4 வோல்ட் போகும். தொடராக 47 ஓம் 5 வாட் சேர்த்தால் இன்னொரு 5. 280-ல் இருந்து 270-க்கு வந்துவிடுவீர்கள்.

---

பழையவால்வு

டையோடு இரண்டு வேண்டாம், நான்கு போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

டபுளரில் ஒரு டையோடு ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்: அதன் கெப்பாசிட்டருக்கு நேராக ஏசி போகும், மூடி பிளந்து எலக்ட்ரோலைட் பீய்ச்சும். செகண்டரி பியூஸ் அதற்குத்தான். ஆனால் டையோடு திறந்துபோனால், அல்லது அதன் சாலிடர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. மேல் டையோடு விட்டுப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் கெப்பாசிட்டர் நிரம்பாது. கீழ் கெப்பாசிட்டர் மட்டும் நிரம்பி, லோடு வழியாகக் கரண்ட் ஓட்டுகிறது. அந்தக் கரண்ட் மேல் கெப்பாசிட்டரைக் காலி செய்து, பூஜ்யத்தைத் தாண்டி, தலைகீழாக நிரப்பத் தொடங்கும். கரண்ட் குறைவு, பியூஸ் போகாது. எலக்ட்ரோலைட்டிக் மெல்லச் சூடாகி வெடிக்கும்.

ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு இருந்தால் அது ஒரு வோல்ட்டுக்கு மேல் பின்னோக்கிப் போக முடியாது. இதைத் தனியாகச் சேர்க்கக்கூட வேண்டாம். சாதாரண நாலு டையோடு பிரிட்ஜ் போட்டு, அதன் ஒரு ஏசி முனையை வைண்டிங்கின் ஓரத்திலும், மறு ஏசி முனையை வைண்டிங்கின் மறு ஓரத்தோடு சேர்த்து கெப்பாசிட்டர் நடுப்புள்ளியிலும் இணையுங்கள். முதல் இரண்டு டையோடு டபுளர் வேலை பார்க்கும். நடுப்புள்ளியில் உள்ள இரண்டும் தாமாகவே காவல் டையோடு ஆகிவிடும். 115/230 சுவிட்ச் உள்ள கம்ப்யூட்டர் சப்ளைகளில் 115 பக்கம் தள்ளும்போது நடப்பது இதேதான். 1என்4007 நான்கு, அவ்வளவு செலவுதான்.

டபுளரே கெட்டது என்று ஒரு பேச்சு உண்டு, அதை ஏற்க மாட்டேன். 1960-களின் ஃபிஷர் 500-சி ரிசீவரில் பி பிளஸ் சிலிக்கான் டபுளரில்தான் வருகிறது; அதை இன்றும் மக்கள் தேடி வாங்குகிறார்கள். அந்த மாதிரிப் பெட்டி கையில் வந்தால் முதலில் மாற்ற வேண்டியது டபுளர் கெப்பாசிட்டர்கள், ஒலியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

டையோடு அணையும்போது வரும் சிணுங்கலுக்கு செகண்டரிக்குக் குறுக்கே 100 ஓம், 10 நானோஃபாரட் எக்ஸ்2 வகை (லைன் ஏசிக்கு மதிப்பிட்ட) கெப்பாசிட்டர், தொடராக. 

---

முறுக்குக்கம்பி

தரைக்கம்பி அண்ணா, பிளீடர் கணக்கில் ஒரு திருத்தம். 10 செகண்ட் என்பது டபுளர் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால்தான். சோக்குக்குப் பின்னால் இருக்கும் 100, 47, 22 மூன்றும் சோக் வழியாக அதே பிளீடரில்தான் காலியாக வேண்டும். தொடரில் உள்ள இரண்டு 220-உம் சேர்ந்து 110. மொத்தம் 279 மைக்ரோ. பிளீடர் இரண்டும் சேர்ந்து 94 கிலோஓம். டைம் கான்ஸ்டன்ட் 26 செகண்ட். 300 வோல்ட் 50-க்கு இறங்க 47 செகண்ட் ஆகும். 367-ல் இருந்து 52.

வால்வு சூடாக இருக்கும்போது அணைத்தால் அதுவே உறிஞ்சிவிடும், சில செகண்டில் காலி. வால்வைக் கழற்றி வைத்துச் சோதிக்கும்போதுதான் இந்த ஒரு நிமிடம் முழுதாகத் தேவைப்படும். கை உள்ளே போவதும் அப்போதுதான்.

---

தரைக்கம்பி

சரிதான், நான் விட்டது அது. அரை நிமிடம் என்று எழுதியதை ஒரு நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒலிக்குழல், 100 மைக்ரோவுக்குக் குறுக்கேயும் 220 கிலோஓம் 1 வாட் ஒன்று போடுங்கள். நேரம் கொஞ்சம் குறையும். அதைவிட முக்கியம், சோக் கம்பி விட்டுப்போனாலும் பின்னால் உள்ள கெப்பாசிட்டர்கள் சார்ஜோடு மாட்டிக்கொண்டு நிற்காது.

ஒரு நிமிடம் எண்ணிவிட்டோம் என்று கையை விட வேண்டாம். பிளீடரும் ஒரு ரெசிஸ்டர்தான், அதுவும் ஒருநாள் திறந்துபோகும். மீட்டர் வைத்து மூன்று இடம் பாருங்கள்: கீழ் கெப்பாசிட்டர், மேல் கெப்பாசிட்டர், 100 மைக்ரோ. மூன்றும் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் மட்டும் தொடலாம். மிச்சம் இருந்தால் 2.2 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் ஸ்லீவ் போட்ட முதலைக் கிளிப் சாலிடர் செய்து, கறுப்பை முதலில் சேசிஸில் மாட்டி, சிவப்பை பி பிளஸில் மூன்று நான்கு செகண்ட் பிடித்தால் போதும். திருப்புளியை வைத்து "டப்" என்று ஷார்ட் செய்யும் வழக்கம் இருக்கிறது. இந்த சப்ளையில் ஒன்பது, பத்து ஜூல் நிற்கிறது. திருப்புளி முனை உருகித் தெறிக்கும், கெப்பாசிட்டருக்குள் டேப் இணைப்பு பலவீனமாகும். அப்படிச் செய்யாதீர்கள்.

எர்த்: பச்சைக் கம்பி பவர் சாக்கெட்டில் இருந்து நேராகத் தனி போல்ட்டுக்கு. பெயிண்டைச் சுரண்டி, வளைய லக், பல் வாஷர், நட், அதன் மேல் இன்னொரு நட். டிரான்ஸ்பார்மரைப் பிடிக்கும் போல்ட்டில் எர்த் மாட்ட வேண்டாம். டிரான்ஸ்பார்மரைக் கழற்றி மாட்டும் நாளில் எர்த் மறந்துபோகும். பச்சைக் கம்பியை மற்ற இரண்டையும்விட நீளமாக விடுங்கள், யாராவது கேபிளை இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்கும். டபுளரின் மைனஸ் 100 மைக்ரோவின் மைனஸில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே இடத்தில் சேசிஸைத் தொடட்டும். நடுப்புள்ளியில் இருந்து தரைக்கு எதுவும் போகக் கூடாது.

---

ஒலிக்குழல்

பிரிட்ஜ் யோசனை பிரமாதம், அப்படியே எடுத்துக்கொண்டேன். முதல்முறை லைன் கொடுக்கும் வரிசையை யாராவது சொல்லுங்கள். வேரியாக் (லைன் வோல்டேஜை மெல்ல ஏற்றும் டிரான்ஸ்பார்மர்) இல்லை. கேத்தோடுக்கு 135 ஓம் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது, அதையே போடவா?

---

பழையவால்வு

வேரியாக் வேண்டாம், சீரீஸ் லேம்ப் போதும். 60 வாட் குண்டு பல்பு, பேஸ் கம்பியில் தொடராக. எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏற வேண்டும், அதுதான் இங்கே காவல். ஹோல்டரும் கம்பியும் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

முதலில் டிரான்ஸ்பார்மர் மட்டும், செகண்டரியில் எதுவும் இல்லாமல். பல்பு ஒரு முறை மினுக்கி அணைய வேண்டும். அணைத்துவிட்டுப் பிரிட்ஜ், டபுளர் கெப்பாசிட்டர், பிளீடர் வரை இணையுங்கள். சோக்குக்கு முன்னால் நிறுத்துங்கள். இப்போது பல்பு பளிச்சென்று எரிந்து, ஒன்றிரண்டு செகண்டில் மங்க வேண்டும். மங்காமல் எரிந்தால் உடனே அணையுங்கள்: டையோடு திருப்பிப் போட்டிருப்பீர்கள், அல்லது கெப்பாசிட்டர் தலைகீழ், அல்லது அந்த நடு டேப் எங்கோ தொடுகிறது.

மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் மைனஸில் மாட்டிவிட்டு, ஒரு கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒரே கையால் சிவப்பை வையுங்கள். கீழ் கெப்பாசிட்டரில் ஒரு அளவு, பி பிளஸில் அதன் இரண்டு மடங்கு. இரண்டு கெப்பாசிட்டருக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்து நின்றால் அதில் லீக்கேஜ். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், புதிய கெப்பாசிட்டர் என்றால் ஏறிவரும், ஏறாவிட்டால் மாற்றுங்கள். பிறகு சோக், மீதி பில்டர். அதன் பிறகு ஹீட்டர், வால்வுகள், ஸ்பீக்கர் முனையில் 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டர். பல்பை விலக்குவது கடைசியில்தான்.

135 ஓம் வேண்டாம். 250 வோல்ட், 48 மில்லிஆம்பியர் என்றால் 12 வாட். இஎல்84-ன் பிளேட் எல்லையே 12. லைன் 250-க்குப் போகிற இரவில் எல்லை தாண்டிவிடும், பிளேட் ஓரம் மங்கலாகச் சிவக்கும். 180 ஓம் 2 வாட்டில் தொடங்குங்கள். கேத்தோடு வோல்டேஜை 180-ஆல் வகுத்தால் மொத்தக் கரண்ட், அதில் ஸ்கிரீன் பங்கைக் கழித்து பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே உள்ள வோல்டேஜால் பெருக்குங்கள். 10, 10.5 வாட்டில் நின்றால் வால்வு பல வருடம் உழைக்கும். காதுக்கு வித்தியாசம் தெரியாது.

ஹீட்டர் வைண்டிங்கை மிதக்க விடாதீர்கள். இரண்டு முனையில் இருந்தும் 100 ஓம் அரை வாட் தரைக்கு.

---

ஒலிக்குழல்

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: டியூப்லைட் சோக்கை எங்கே வைப்பது? சேசிஸ் 30 சென்டிமீட்டர் அகலம்தான், அவுட்புட் டிரான்ஸ்பார்மர்கள் பக்கத்திலேயே வருகின்றன.

---

நூறு_ஹெர்ட்ஸ்

துளை போடும் முன் காதால் தேடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் 8 ஓம் முனையில் ஹெட்போன் மாட்டுங்கள், பிரைமரியை எதனோடும் இணைக்க வேண்டாம், அதன் முனைகளை ஸ்லீவ் போட்டு மூடி வையுங்கள். பவர் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் லைன் கொடுத்து, செகண்டரி முனைகளைப் பாதுகாப்பாக மூடிவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மேசையில் நகர்த்தி மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும், பெரும்பாலும் கோர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும்போது. அந்த இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

சோக்கில் ஓடுவது 100 ஹெர்ட்ஸ், டபுளரில் அதன் அளவும் கொஞ்சம் அதிகம். அதைச் சேசிஸுக்கு அடியில், பவர் டிரான்ஸ்பார்மர் பக்கமாக வையுங்கள். நடுவில் இருப்பது அலுமினியத் தகடு என்றால் அது காந்தப்புலத்தைத் தடுக்காது, இரும்புத் தகடுதான் தடுக்கும். 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் இருந்து குறைந்தது 12 சென்டிமீட்டர் விடுங்கள். சோக்கின் தகடுகள் அதிர்ந்தால் அடியில் 3 மில்லிமீட்டர் ரப்பர் வாஷர் போதும், ஆனால் அந்த ரப்பர் எர்த்தை அறுத்துவிடும். சோக் உடம்பில் இருந்து எர்த் போல்ட்டுக்குத் தனியாக ஒரு பச்சைக் கம்பி இழுங்கள்.